போர்க்காலக் கப்பல்களில் காவற்கடமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறு, மாத்தளன் ஆகிய கரைகளில் உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் மாணவர்களும், வணிகக் கப்பல் வேலைக்கு ஆயத்தமாகும் இளைஞர்களும், இரவில் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். காவலில் விழிப்பாக இருப்பதைத் தனியொரு மாலுமியின் மன உறுதியாக மட்டும் பார்க்கும் வழக்கம் எங்களிடம் வலுவாக உண்டு. இரண்டு உலகப் போர்களின் கடற்போர்ப் பதிவுகளை ஊன்றிப் படிக்கும்போது, கண்ணயர்ந்தவனின் தவறோடு, அவனை ஓய்வின்றி நிறுத்திவைத்த ஒழுங்கின் தவறும், கண்டதைச் சொன்னவனின் சொல்லைக் காதில் வாங்காத மேலிடத்தின் தவறும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. விடைகள் எல்லாவற்றிலும் நான் சொல்ல வருவது இதுதான்.

கப்பலில் காவற்கடமை எவ்வாறு வகுக்கப்படுகிறது?

கடலில் நிற்கும் கப்பலைப் பூட்டிவிட்டு எல்லோரும் உறங்க முடியாது. ஆகவே ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, நாளை நான்கு மணி நேர முறைகளாக வகுத்து, ஒரு குழு ஓய்வெடுக்கும்போது மற்றொரு குழு கடமையில் நிற்கும்படி செய்வது பல நூற்றாண்டு வழக்கம். மாலை 4 மணி முதல் 8 மணி வரையான நேரம் மட்டும் இரண்டு மணி நேரம் கொண்ட இரு சிறு முறைகளாகப் பிரிக்கப்படும். அதனால் ஒரு நாளில் ஆறுக்குப் பதிலாக ஏழு முறைகள் வரும். எண்ணிக்கை ஒற்றைப்படையாவதால், நள்ளிரவு 12 முதல் 4 வரையான கொடிய முறை நாள்தோறும் ஒரே குழுவின் தலையில் விழாமல் சுழன்று வரும். கடினத்தைப் பங்கிட வேண்டும் என்பதைப் பழைய மாலுமிகள் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இந்தச் சிறிய ஏற்பாடே சான்று.

கடமையில் நிற்பவர்கள் பலர். கட்டளை மேடையில் ஓர் அதிகாரி, சுக்கான் பிடிப்பவர், திசை பிரித்து நிற்கும் பார்வையாளர்கள், இயந்திர அறையினர், வானொலிக்காரர் என்று அந்த வரிசை நீளும். போர்க்கப்பலில் பீரங்கிகளுக்கும், நீர்மூழ்கியின் ஒலியைத் தேடும் கருவிக்கும் தனித்தனியே ஆட்கள் இருப்பார்கள். இந்த விடைகளில் பெரும்பாலும் கண்ணால் பார்த்து நிற்பவரைப் பற்றியே பேசுகிறேன்.

ஒரு நிமிடம் கவனம் தவறினால் உண்மையிலேயே கப்பல் போய்விடுமா?

போய்விடலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பயன்படுத்திய மின்கல டோர்பிடோ (நீருக்குள் தானே ஓடிச் சென்று கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு) மணிக்கு ஏறத்தாழ 30 கடல் மைல் வேகத்தில் ஓடியது. அந்த வேகத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே பிடிக்கும். பழைய வகை டோர்பிடோ நீர்ப்பரப்பில் குமிழிக் கோடு ஒன்றை விட்டுச் செல்லும். மின்கல வகை அதையும் விடாது. பார்வையாளர் கண்டு, குரல் கொடுத்து, அதிகாரி கட்டளையிட்டு, சுக்கான் திரும்பி, பல ஆயிரம் தொன் எடையுள்ள கப்பல் திசை மாறத் தொடங்குவதற்குள் அந்த ஒரு நிமிடத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

1915 மே 7 ஆம் திகதி அயர்லாந்துக் கரைக்கு அப்பால் லூசித்தானியா என்ற பயணிகள் கப்பலின் முன்பகுதியில் நின்ற பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் டோர்பிடோ வருவதைக் கண்டு குரல் கொடுத்தார். அவர் தம் கடமையைச் செய்தார். ஆனால் தூரம் போதவில்லை. அடிபட்ட அந்தப் பெரிய கப்பல் 18 நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள்.

எவ்வளவு தூரம் வரை பார்க்க முடியும்?

அது கண் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. எங்கள் கண்ணாடியிழைப் படகில் எழுந்து நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் இருக்கும். அவருக்கு அடிவானம் 5 கிலோமீற்றர் தூரத்தில் முடிந்துவிடும். 25 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்கோ அது 18 கிலோமீற்றருக்கு அப்பால் விரியும். பாய்மரக் காலத்திலிருந்தே பார்வையாளரை மரத்தின் உச்சிக்கு ஏற்றியதன் காரணம் இதுதான். ஆயினும் அடிவானம் வரை கடல் தெரிவதும் அங்குள்ள பொருள் தெரிவதும் ஒன்றல்ல. வாடைக் காலத்து வெண்ணுரைகளுக்கு நடுவே ஒரு நீர்மூழ்கியின் பார்வைக் குழாய் எழுப்பும் நுரையைப் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை, அந்தப் பருவத்தில் முல்லைத்தீவுக் கரையில் நின்று மிதப்புப் போயா ஒன்றைத் தேடிப் பார்த்தவர் எவரும் ஒப்புக்கொள்வார்.

பார்வையாளர் எதை, எப்படிப் பார்க்கிறார்?

முதல் விதி, கடலைப் பங்கிட்டுக் கொள்வது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் மேற்பரப்பில் ஓடும்போது கோபுரத்தில் நால்வர் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் வட்டத்தின் காற்பங்கு, அதாவது 90 பாகை. பக்கத்துப் பங்கில் என்ன பரபரப்பு நடந்தாலும் தம் பங்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. எல்லோரும் ஒரே புகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து விமானம் வந்து குண்டு போட்டுவிடும்.

இரண்டாவது, கண்ணை ஓட்டும் முறை. கடலை ஒரே இழுப்பில் துழாவினால் எதுவும் பதியாது; கண் நகர்ந்துகொண்டிருக்கும் கணங்களில் தெளிவாகப் பார்ப்பதில்லை. ஆகவே அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, நேரே தொடங்கி, அடிவானத்தின் வழியே சில பாகைகள் நகர்த்தி, ஓரிரு விநாடி நிறுத்தி, மீண்டும் நகர்த்தி, பங்கின் எல்லையை அடைந்ததும் கிட்டிய நீர்ப்பரப்பைப் பார்த்தபடி திரும்பி வர வேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடியைத் தொடர்ந்து கண்ணில் வைத்திருந்தால் கண் களைத்துவிடும் என்பதால், வெறுங்கண்ணாலும் கண்ணாடியாலும் மாறி மாறிப் பார்க்கப் பழக்கினார்கள்.

மூன்றாவது, ஐயத்தைக்கூடச் சொல்வது. மிதக்கும் மரத்துண்டு, எண்ணெய்ப் படலம், ஒரே இடத்தில் வட்டமிடும் பறவைகள், நிறம் மாறிய நீர் என்று எதுவானாலும் சொல்ல வேண்டும். அது என்ன என்று முடிவு செய்வது அதிகாரியின் வேலை. பிரித்தானியக் கப்பல்களில் இடப்புறத்தைச் சிவப்பு என்றும் வலப்புறத்தைப் பச்சை என்றும் குறித்து, அணியத்திலிருந்து எத்தனை பாகை என்பதையும் சேர்த்துச் சொல்லுவார்கள். "பச்சை, நான்கு ஐந்து, புகை" என்றால் வலப்புறம் 45 பாகையில் புகை தெரிகிறது என்று பொருள். அதிகாரி அதைத் திருப்பிச் சொல்லி ஏற்றுக்கொள்ளும் வரை அறிக்கை முடிந்ததாகக் கொள்ளப்படாது. அலட்சியமான தலையசைப்பு எத்தனை கேடுகளுக்கு வழிவிட்டிருக்கிறது என்பதை நினைத்தால், இந்தத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இரவில் கண் எவ்வாறு பழகுகிறது?

வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். பழகிய கண்ணைக் கெடுக்கவோ ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும். அதனால்தான் முறை மாறப்போகும் மாலுமி முன்கூட்டியே மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் இருந்து ஆயத்தமாவார். இரவில் உதவும் விழித்திரை அணுக்கள் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவே இணங்குவதால் அந்த வெளிச்சம் பழகிய கண்ணை அதிகம் குலைக்காது. அந்த அணுக்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை. ஆகவே இருளில் ஒரு பொருளை நேராக உறுத்துப் பார்த்தால் அது மறைந்துபோகும். சற்றுப் பக்கமாகப் பார்த்தால் மீண்டும் தோன்றும். நிலவில்லாத இரவில் மங்கலான விண்மீன் ஒன்றைப் பார்த்து இதை நீங்களே சோதிக்கலாம்.

கரட் சாப்பிட்டால் இருளில் கூடுதலாகத் தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா இந்தக் கதையைப் பரப்பியது. தன் விமானிகள் இரவில் பகைவரைக் கண்டதற்கு அவர்கள் தின்ற கரட்தான் காரணம் என்றது. உண்மைக் காரணம் விமானத்திலிருந்த ரேடார். உயிர்ச்சத்து ஏ குறைந்தவருக்கு மாலைக்கண் வரும் என்பது மெய். முருங்கை இலையும் பப்பாசியும் அதைத் தடுக்க உதவும். குறைபாடு இல்லாதவருக்கு மேலதிகப் பார்வை எதுவும் கிடைக்காது.

மன உறுதி உள்ளவர் நான்கு மணி நேரமும் விழிப்பாக இருக்கலாம் அல்லவா?

கண் திறந்திருக்கலாம். விழிப்பு வேறு விடயம். போர்க்காலத்தில் நீர்மூழ்கி தேடும் பிரித்தானிய விமானங்களின் ரேடார்த் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் செல்லச் செல்லத் திரையில் தெரிந்த குறிகளைத் தவறவிட்டார்கள். காரணத்தை ஆராயும் பணி கேம்பிரிட்ஜ் உளவியலாளர் நோர்மன் மக்வேர்த்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எளிமையான ஒரு கடிகாரத்தைச் செய்தார். எண்களில்லாத வெள்ளை முகப்பில் ஒரு கறுப்பு முள் ஒவ்வொரு விநாடியும் ஒரு படி நகரும். எப்போதாவது, எதிர்பாராத நேரத்தில், ஒரு படியைத் தாண்டி இரண்டு படி பாயும். பாய்ச்சலைக் கண்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் இதைச் செய்த இளைஞர்கள் முதல் அரை மணி நேரம் முடிந்ததுமே கூடுதலாகத் தவறவிடத் தொடங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகளல்லர், உறங்கவும் இல்லை. ஒன்றும் நிகழாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூளை தானாகவே தளர்கிறது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றியபோது அந்தத் தளர்ச்சி வரவில்லை. இந்த ஆய்வு 1948 இல் வெளியானது.

வன்னியில் இதை விளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. முத்தையன்கட்டின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் நெல் முற்றிய காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பவர்கள், ஒருவரைச் சாமம் முழுவதும் பரணில் தனியே விடுவதில்லை. இருவர் மூவராகப் போய், ஒருவர் விழித்திருக்க மற்றவர் படுத்து, முறை மாற்றிக்கொள்வார்கள். கப்பலுக்கும் அதே அறிவுதான் வேண்டும்.

களைப்பினால் ஒரு பெரிய தோல்வி நேர்ந்ததற்கு எடுத்துக்காட்டு உண்டா?

சாவோ தீவுச் சமரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1942 ஓகஸ்ட் 7 ஆம் திகதி அமெரிக்கப் படைகள் சொலமன் தீவுகளில் உள்ள குவாடல்கனாலில் இறங்கின. அவற்றைக் காத்து நின்ற அமெரிக்க, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்களின் ஆட்கள் இரண்டு நாள் விமானத் தாக்குதல்களுக்கு முகங்கொடுத்து, வெக்கையில் பீரங்கிகளின் பக்கத்திலேயே கிடந்து, 8 ஆம் திகதி இரவு சோர்ந்து போயிருந்தார்கள். ஆட்களில் பாதிப்பேருக்கு உறங்க அனுமதி கொடுக்கப்பட்டது. கப்பற் தலைவர்கள் சிலரும் உறங்கினார்கள். அது பொறுப்பின்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மனித உடலின் எல்லை அது.

குவாடல்கனாலுக்கு அருகிலுள்ள சாவோ தீவின் மேற்கே புளூ, ரால்ஃப் டால்பொட் என்ற இரு நாசகாரிகள், அதாவது வேகமான சிறு போர்க்கப்பல்கள், முன்காவலாக நிறுத்தப்பட்டிருந்தன. இரண்டிலும் ரேடார் இருந்தது. நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சற்று முன், தளபதி மிகாவாவின் எட்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் அந்த வழியாக வந்தன. இரவுப் போருக்கென்றே நெடுங்காலம் பயிற்றப்பட்ட ஜப்பானியப் பார்வையாளர்கள், தாங்கியில் பொருத்திய 120 மில்லிமீற்றர் வில்லைகள் கொண்ட பெரிய தொலைநோக்கிகளால் புளூவை முதலில் கண்டார்கள். எட்டுக் கப்பல்களும் வேகத்தைக் குறைத்தன. பீரங்கிகள் யாவும் அந்த ஒற்றை நாசகாரியின் மேல் திரும்பின. புளூ எதையும் காணாமல், தன் வழக்கமான சுற்றின்படி திரும்பி எதிர்த்திசையில் போய்விட்டது. தீவுகளின் நிலப்பரப்பு அதன் ரேடாரைக் குழப்பியிருந்தது, கண்களோ களைத்திருந்தன.

அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஜப்பானியக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்களின் இரைச்சலைப் பல கப்பல்கள் கேட்டன. ஒரு கப்பல் அதை அறிவிக்கவும் செய்தது. மேலிடத்திலிருந்து எச்சரிக்கை எதுவும் வராததால், அவை நம்முடையவையாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டார்கள். 1 மணி 43 நிமிடத்துக்கு பற்றேர்சன் என்ற நாசகாரி அபாய அறிவிப்பைக் கொடுத்தபோது டோர்பிடோக்கள் ஏற்கெனவே நீரில் ஓடிக்கொண்டிருந்தன. கன்பெரா, குவின்சி, வின்சென்ஸ், அஸ்டோரியா ஆகிய நான்கு கனரகக் குருசர்களும் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்கள்) அழிந்தன. இரண்டு அன்றிரவே மூழ்கின, மற்றவை பொழுது விடிந்த பிறகு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அந்த இரவில் புளூவின் மேல்தளத்தில் நின்ற பார்வையாளர் எவரையும் தனித்துக் குற்றவாளியாக்க நான் இணங்க மாட்டேன். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த இரண்டு நாட்களையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் காவல் தேவையா?

மிகவும் தேவை. 1914 செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் குருசரான எம்டன், ஒக்டோபர் 28 ஆம் திகதி விடியுமுன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. மூன்று புகைபோக்கிகள் கொண்ட அது, பொய்யான நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு பிரித்தானியக் கப்பலைப் போலத் தோற்றம் காட்டியது. உள்ளே நின்ற ரஷ்யக் குருசரான ஜெம்சூக்கின் தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார், குண்டுகளில் பெரும்பகுதி கீழே பூட்டப்பட்டிருந்தது, காவலும் தளர்ந்திருந்தது. சில நூறு மீற்றர் தூரத்திலிருந்து வந்த டோர்பிடோக்களால் அது உடைந்து மூழ்கியது. 89 பேர் இறந்தார்கள். துறைமுகத்தின் அமைதி விழிப்பைத் தின்றுவிடுகிறது. நடுக்கடலில் வரும் அச்சம் அங்கே வருவதில்லை.

கண்டதைச் சொன்னால் காவலாளியின் கடமை முடிந்ததா?

காவலாளியின் கடமை முடிந்திருக்கலாம். கப்பற்படையின் கடமை அப்போதுதான் தொடங்குகிறது. 1941 டிசெம்பர் 7 ஆம் திகதி ஹவாயின் பேர்ள் துறைமுகத்தில் நடந்தது இதற்குச் சான்று. அதிகாலை 3 மணி 42 நிமிடத்துக்குக் கொண்டோர் என்ற சிறிய கண்ணிவாரிக் கப்பலின் பார்வையாளர்கள் துறைமுக வாயிலுக்கு வெளியே ஒரு பார்வைக் குழாயைக் கண்டு, வார்ட் என்ற நாசகாரிக்கு விளக்குச் சமிக்ஞையால் அறிவித்தார்கள். வார்ட் தேடியது, காணவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, சரக்குக் கப்பல் ஒன்றின் பின்னால் ஒட்டியபடி துறைமுகத்துள் நுழைய முயன்ற குறுநீர்மூழ்கியை வார்ட் கண்டு, சுட்டு மூழ்கடித்து, உடனே வானொலியில் அறிவித்தது. அந்தச் செய்தி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய், உறுதிப்படுத்தல் கேட்கப்பட்டு, தாமதமாகிக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் 7 மணி 2 நிமிடத்துக்கு ஓப்பானா என்ற மலைமுகட்டு ரேடார் நிலையத்தில் இருந்த இரு படைவீரர்கள் பெரிய விமானக் கூட்டமொன்றைத் திரையில் கண்டார்கள். அவர்களுடைய முறை 7 மணிக்கே முடிந்துவிட்டது. காலை உணவுக்கு ஏற்றிச் செல்லும் வாகனம் வரப் பிந்தியதால் கருவியை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் அதைக் கேட்ட இளம் அதிகாரி, அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய சொந்த விமானங்கள்தாம் அவை என்று எண்ணி, கவலைப்பட வேண்டாம் என்றார். எட்டு மணிக்குச் சற்று முன் முதல் குண்டுகள் விழுந்தன.

அந்தக் காலையில் காவலாளிகள் எவரும் உறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்டவர்கள் கண்டார்கள், சொன்னவர்கள் சொன்னார்கள். "நம்முடையதாகத்தான் இருக்கும்" என்ற நினைப்பு சாவோவிலும் இங்கும் ஒரேமாதிரி வேலை செய்திருக்கிறது.

இலங்கைக் கடலில் அந்தப் போரின்போது விழிப்பு உதவியதா?

உதவியது. 1942 ஏப்பிரல் 4 ஆம் திகதி மாலை, கொக்கல வாவியிலிருந்து புறப்பட்ட கட்டலீனா வகைக் கடல் விமானமொன்றை ஓட்டிய கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சோல், நாள் முழுவதும் வெறுங்கடலைப் பார்த்துத் திரும்ப வேண்டிய வேளையில், அடிவானத்தில் சில புள்ளிகளைக் கண்டார். களைத்த குழு அவற்றை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர்கள் நெருங்கிப் பார்த்தார்கள். அது ஜப்பானிய விமானந்தாங்கிகளின் பெரும்படை. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, தப்பியவர்கள் சிறைப்பட்டார்கள். அந்தச் செய்தியால் மறுநாள் தாக்குதலுக்கு முன் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேற்றப்பட்டன.

ஏப்பிரல் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. எச்சரிக்கை கிடைத்து முதல்நாள் இரவே அங்கிருந்து வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். அதில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருந்தாலும், தடுக்கக் கருவியில்லாதபோது விழிப்பு மட்டும் காப்பாற்றாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரேடார் வந்தபின் கண்ணுக்கு வேலை உண்டா?

உண்டு. ரேடாரின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை; 1941 மார்ச்சில் பிரித்தானிய நாசகாரியான வனொக் இருளில் மேற்பரப்பில் இருந்த ஜெர்மன் நீர்மூழ்கி யூ-100 ஐ ரேடாரால் கண்டு மோதி அழித்தது. ஆனால் ரேடார்த் திரையையும் ஒரு மனிதக் கண்தான் பார்க்க வேண்டும், மக்வேர்த்தின் கடிகாரம் காட்டிய தளர்ச்சி அந்தக் கண்ணுக்கும் வரும். 2017 ஜூன் மாதம், போரில்லாத காலத்தில், நவீன கருவிகள் நிறைந்த அமெரிக்க நாசகாரி ஃபிற்ஸ்ஜெரால்ட் ஜப்பானுக்கு அருகே சரக்குக் கப்பலொன்றுடன் மோதி ஏழு மாலுமிகளை இழந்தது. மோதல் நேர்ந்த வலப்புறத்தில் அப்போது பார்வையாளர் நிறுத்தப்பட்டிருக்கவில்லை.

காவலில் உறங்கியவருக்கு என்ன தண்டனை?

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கடற்படைச் சட்டம் காவலில் உறங்குவதற்கு மரணதண்டனை வரை இடமளித்தது. கடுந்தண்டனை மட்டும் பயன் தரும் என்று நான் நம்பவில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் திறனுக்கு இறங்கிவிடும் என்று 1990 களின் ஆய்வுகள் காட்டின. அச்சத்தால் உடலின் கணக்கை மாற்ற முடியாது. குறிப்பாக விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை உடல் வெப்பம் தாழ்ந்து உறக்கம் அழுத்தும். பிரித்தானிய மாலுமிகள் அந்த நேரத்தில் கட்டிச் சொக்கலேற்றைச் சீவி, வெந்நீரில் கரைத்து, கரண்டி நிற்குமளவு கெட்டியாகக் காய்ச்சி, ஒருவர் கோப்பையை மற்றவர் கையில் கொடுத்துக் குடித்தார்கள். அந்தக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நிற்கும் தோழர் தண்டனைச் சட்டத்தைவிட நன்றாக ஒருவரை விழிக்க வைப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் கடலில் நடந்த போரைப் பற்றி ஏன் எழுதவில்லை?

இந்தக் கரையில் கடலுக்கு ஆளைக் கொடுக்காத வீடு குறைவு. எதிர்ப்பக்கத்துப் படகுகளில் நின்றவர்களின் தாய்மாரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்த இரவுகளில் விழித்திருந்தவர்களின் கதையை அவர்களும் அவர்களை இழந்தவர்களும் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதைப் பாட எடுத்துக்காட்டாக வெட்டி எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

வணிகக் கப்பலுக்குப் போகும் இளைஞர் எதை அறிந்திருக்க வேண்டும்?

1972 ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எல்லாக் கப்பல்களும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கிடைக்கும் எல்லா வழிகளாலும் முறையான காவல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சிறு படகுக்கும் அது பொருந்தும். மாலுமிகளுக்கான பன்னாட்டு விதிகளின்படி, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வும், எந்த ஏழு நாட்களிலும் 77 மணி நேர ஓய்வும் கொடுக்கப்பட வேண்டும். ஓய்வுப் பதிவேட்டில் பொய்யாக எழுதி ஒப்பமிடச் சொன்னால் இணங்க வேண்டாம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு விளங்குகிறது. அந்தப் பொய்யால் இழக்கப்படக்கூடியது உங்கள் உயிர் மட்டுமல்ல.

சிறு படகில் இரவுத் தொழில் செய்பவர் என்ன செய்யலாம்?

2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கி ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஜோர்தானியச் சரக்குக் கப்பலான ஃபரா 3 ஐப் பார்த்தவர்களுக்கு, அத்தகைய கப்பலின் கட்டளை மேடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரியும். அங்கிருந்து பார்ப்பவருக்கு உங்கள் படகு அலைக்கு அலை மறையும் ஒரு பொட்டு மட்டுமே. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல், உங்கள் அடிவானமான 5 கிலோமீற்றரை ஏறத்தாழ 11 நிமிடங்களில் கடந்துவிடும். ஆகவே வலை விட்டபின் இருவரும் ஒன்றாகப் படுக்காதீர்கள். வெள்ளை விளக்கை அணைக்காதீர்கள். மாற்று மின்கலத்தை நனையாமல் வைத்திருங்கள்.

கரையில் இருப்பவர்களுக்கும் காவற்கடமை உண்டா?

உண்டு. 1945 ஜூலை 30 ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும் அமெரிக்கக் குருசர் இன்டியானாபொலிஸ், ஜப்பானிய நீர்மூழ்கியின் டோர்பிடோக்களால் 12 நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேரில் 900 பேரளவில் உயிரோடு நீரில் இறங்கினார்கள். மறுநாள் பிலிப்பைன்ஸின் லெய்ட்டேக்கு வந்து சேர வேண்டிய கப்பல் வரவில்லை. போர்க்கப்பல் எப்படியும் வந்திருக்கும் என்று கருதும் வழக்கத்தால் கரையில் எவரும் அதைத் தேடவில்லை. ஓகஸ்ட் 2 ஆம் திகதி அவ்வழியே பறந்த விமானத்தின் ஓட்டி தற்செயலாகக் கடலில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டு தாழப் பறந்தபோதுதான் மனிதத் தலைகள் தெரிந்தன. தாகத்தாலும் காயத்தாலும் சுறாக்களாலும் பல நூறு பேர் இறந்துபோக, 316 பேர் மட்டுமே மீட்கப்பட்டார்கள்.

ஆகவே தொழிலுக்குப் புறப்படுமுன், போகும் திசை, படகின் இலக்கம், ஆட்களின் எண்ணிக்கை, எடுத்துச் செல்லும் எரிபொருள், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி ஒரு படியை வீட்டிலும் மற்றொன்றைக் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கொடுங்கள். குறித்த நேரத்துக்குப் பின் எத்தனை மணி நேரம் பொறுப்பது, யார் யாருக்கு அறிவிப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். "வந்துவிடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டு விடியும் வரை காத்திருக்க எவருக்கும் அந்தத் தாள் இடம் வைக்கக் கூடாது.